ஏழு ஊசிவால் வாத்துகள்

என் ராசாவுக்கு,

அம்மா எழுதுவது. உனக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிட்டு நோய்நொடி இல்லாமல் இருந்தால் எங்களுக்கு அதுவே போதும், இங்கே என் முழங்கால் வழக்கம்போல முனகுகிறது, மற்றபடி நான் கல்லுக்குண்டு. அப்பாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். மதியத் தூக்கத்தில் இருக்கிறார், எழுவதற்குள் முடித்துத் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். போனில் சொல்லலாம் என்றால் அடுத்த அறையில் இருந்தாலும் அவர் காதில் விழுந்துவிடும்.

அவர் கண்ணைப் பற்றி உனக்கு நாங்கள் சொன்னது பாதிதான். அழுத்தம் இருக்கிறது, சொட்டு மருந்து விடுகிறோம் என்றோம் அல்லவா, வலது கண் சென்ற மழைக்காலத்திலேயே போய்விட்டது. இடது கண்ணில் ஓரமெல்லாம் இருட்டு, ஏதோ குழாய் வழியாகப் பார்ப்பதுபோல நடுவில் கொஞ்சம் தெரிகிறது. போனது திரும்பாது, இருப்பதும் இன்னும் ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பெரிது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நான் எதற்கெடுத்தாலும் சொல்வேனே, இப்போது அந்தப் பழமொழி வாய்வரை வந்து நின்றுவிடுகிறது.

பூங்காக் குளத்துக்குப் பறவை பார்க்கப் போவதை மட்டும் அவர் விடவில்லை. முன்பெல்லாம் தனியாகப் போவார், இப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு வருகிறார். மேற்குக்கரை பெஞ்சில் உட்கார்ந்து, என்ன இருக்கிறது சொல்லு என்பார், நான் சொல்லச் சொல்லத் தடித்த பேனாவால் நோட்டில் எழுதுவார், ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் கஷ்டமில்லை, குளத்து நடுவில் இருக்கும் தீவு மரம் முழுக்கக் கொக்கு கூடு கட்டி ஒரே சந்தைக்கடைச் சத்தம், அவரே காதால் பாதி எண்ணிவிட்டார். குளிர் வந்ததும் வாத்துகள் வந்தன, கூர்வால் வைத்த ஊசிவால் வாத்து எது, சாதா வாத்து எது என்று எனக்குப் பாடம் நடத்தினார், மூன்று நாள் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினேன். வெயில் ஏற ஏறத்தான் வினை வந்தது. குளம் வற்றிப்போய் ரெண்டு காகமும் ஒரு மைனாவும்தான். ஒன்றும் இல்லை என்று நான் சொல்கிற அன்று மனிதர் நாள் முழுக்க வாய் திறப்பதில்லை, தட்டில் வைத்தது வைத்தபடி இருக்கும். எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பேன் சொல்லு. ஒருநாள் ஒரு மீன்கொத்தியைச் சேர்த்துச் சொன்னேன். மறுநாள் முக்குளிப்பான் ரெண்டு. பிறகு துணிச்சல் வந்து, அவருக்குப் பிடித்ததாயிற்றே என்று ஏழு ஊசிவால் வாத்து என்றேன். அன்று ஒரு கரண்டி கூடவே சாப்பிட்டார். அப்புறம் தினமும் ஏழு வாத்துதான்.

பதினைந்து நாள் போயிருக்கும். பூங்காத் தோட்டக்காரர் பக்கத்தில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர் நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்துவிட்டார், வாத்தெல்லாம் குளிர் முடியும்போதே வந்த ஊருக்குப் போயாச்சே அம்மா, இனி அடுத்த குளிருக்குத்தான் என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் கையும் களவுமாக மாட்டினேன். உன் அப்பாவைத்தான் தெரியுமே, முப்பத்திநாலு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர், உன் கல்யாணப் பத்திரிகையில் ஒரு புள்ளி விடுபட்டதென்று முந்நூறையும் திரும்ப அடிக்க வைத்தவர். வீடு வந்ததும் நானே நோட்டையும் சிவப்புப் பேனாவையும் எடுத்துக் கொடுத்தேன். நோட்டைத் தடவிப் பார்த்தார், பேனாவை வாங்கவில்லை. "முதல் நாளே தெரியும்டி. நீ சொல்றது கேக்க நல்லா இருந்துச்சு. இருந்துட்டுப் போகட்டும்" என்றார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

உன்னை வரச் சொல்லி எழுதட்டுமா என்று அன்றே கேட்டேன். கூடாது என்றார். அவனாக வரட்டும், என் கண்ணைக் காட்டி அவனை இழுக்காதே என்றார். நீயும் இந்த வருஷம் அடுத்த வருஷம் என்று மூன்று வருஷம் ஓட்டிவிட்டாய், குறை சொல்லவில்லை, உனக்கு ஆயிரம் ஜோலி. ஆனாலும் அவர் பேச்சை மீறித்தான் இதை எழுதுகிறேன், கோபம் வந்தால் வரட்டும், நாற்பது வருஷமாகப் பார்க்காத கோபமா.

நேற்று சொட்டு மருந்து விடும்போது அண்ணாந்தபடியே, "பயலுக்குக் காதோரம் நரைச்சிருக்குமோ?" என்று கேட்டார். ஏதாவது சொல்லியிருக்கலாம், எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்வார். போனில் முகம் காட்டும்போதெல்லாம் குளிர் என்று குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு நிற்கிறாய். பெற்றவள் எனக்கே தெரியாதே ராசா.

நீங்கள் இருவரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். இந்தக் கடிதம் கிடைத்ததைப் போனில் உளறிவிடாதே. பணமும் வேண்டாம், புதுக் கண்ணாடியும் வேண்டாம். தேதியை மட்டும் சொல். அவர் உன்னைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும்படி வைத்துவிடாதே.

காத்திருக்கும்,
அம்மா