பச்சை ஸ்டிக்கர்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஒரகடத்திலிருந்து ஜெர்சி எழுதுகிறேன். உங்கள் முட்டிவலி குறைந்ததா? அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

விடுதி வாசலில் ராணி என்று ஒரு கறுப்பு நாய் இருக்கிறது என்றேனே, அது போய்விட்டது. நீங்கள் மனதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், நாய்தானே. போன மாதம் அதன் காதெல்லாம் உண்ணி. நானும் அறைத்தோழி பிரவீனாவும் ஒன்றுவிடாமல் பிடுங்கினோம். கம்பெனியில் பாகங்களில் கீறல் பார்ப்பதுபோல் விளக்கடியில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழுதில்லாத பாகத்துக்கு ஒட்டும் பச்சை ஸ்டிக்கரை விளையாட்டாக அதன் கழுத்துப்பட்டையில் ஒட்டினேன்.

இரண்டு வாரத்தில் அது சாப்பிடுவதை நிறுத்தியது. “இன்னாடி, ஈறெல்லாம் வெள்ளையா கீது,” என்றாள் பிரவீனா. ஷிப்ட் முடிந்ததும் ஆட்டோவில் கொண்டுபோனோம். டாக்டர் காது நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி, மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். “உண்ணி கடிச்சப்பவே கிருமி ரத்தத்துல எறங்கிடுச்சும்மா. வெளிய பாத்தா தெரியாது. அப்பவே ரத்தம் பாத்திருக்கணும்,” என்றார். மறுநாள் செத்துப்போனது. பட்டையில் என் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

நம் வீட்டு நாய் செவலையைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். யாராவது இந்தப் பக்கம் வந்தால் அம்மாவிடம் எள்ளுருண்டை வாங்கிக் கொடுத்தனுப்புங்கள். எனக்கும் சோறு இறங்குவதில்லை. கம்பெனி பஸ் வந்துவிட்டது, முடிக்கிறேன்.

வீடியோ காலில் என் முகத்தைப் பார்த்ததும், “நல்லாத்தானம்மா இருக்கே” என்பீர்களே, இந்த ஞாயிறு அதை மட்டும் சொல்லாதீர்கள் அப்பா.

உங்கள் மகள்,
ஜெர்சி