கை விழுந்த சேதி

ஏற்காடு,
11.2.1983

அன்பு மகள் அமலிக்கு,

எனக்குக் கை விழவில்லை. பக்கவாதமும் இல்லை, படுக்கையிலும் இல்லை. இந்தக் கடிதத்தை என் வலது கையால்தான் எழுதுகிறேன். நான் சுகம், நீயும் உடம்பாலும் மனதாலும் சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். புறப்படாதே என்று நேற்றே தந்தி கொடுத்துவிட்டேன், ஆனால் தந்தியில் விவரம் சொல்ல முடியாது.

நடந்தது இதுதான். இந்தக் குளிரில் என் விரல் கணுக்கள் இறுகிப்போய், விரலை மட்டும் வைத்து வாசித்தால் பியானோ தகரம் போலக் கேட்டது. அப்படி விரலால் மட்டும் வாசிப்பது, புறங்கையில் வைத்த காசு விழாமலிருக்கக் கான்வென்டில் கற்றுக்கொண்ட முறை. காசு விழுந்தால் விழட்டும் என்று, தோளிலிருந்து கை முழுவதையும் அதன் எடையோடு கட்டைகள்மேல் விழவிட்டுப் பழகினேன். அது சரியாக வந்த அன்று, கை விழுந்துவிட்டது, நன்றாக விழுந்துவிட்டது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டு வேலைக்கு வரும் செம்மநத்தம் பாவாயி சமையலறையிலிருந்து அதைக் கேட்டிருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கடைவீதிக்கு ஓடி, மளிகைக்கடை கோவிந்தராஜிடம், “ஏனுங்க, எங்கம்மாவுக்குக் கை உழுந்துருச்சுங்க, அவிங்களே சொல்லி அழுவுறாங்க” என்றாளாம். நான் அழவில்லை, அதையும் திருத்திக்கொள். அவர் நல்ல எண்ணத்தில் உனக்குத் தந்தி அடித்துவிட்டார். ஞாயிறு பூசையில் எல்லோரும் என் கையையே பார்த்தார்கள், ஒருத்தி பாட்டுப் புத்தகத்தை எனக்காகப் பிரித்துப் பிடித்தாள். பாவாயியைக் கேட்டால், “கை உழுந்தா சந்தோசப்படுவாங்கன்னு எனக்கு எப்படீங்கம்மா தெரியும்” என்கிறாள்.

இனி உன் விஷயம். பியானோ பரீட்சை வேண்டாம், புறப்படுகிறேன் என்று தந்தி கொடுத்திருக்கிறாய். அதில் பயம் இருந்தது, சரி. பயத்தோடு ஒரு நிம்மதியும் இருந்ததோ என்று எனக்குச் சந்தேகம். வேகமான பகுதி வந்தால் முழங்கைக்குக் கீழே மரமாகிவிடுகிறது, அடுத்து என்ன வரும் என்பதே மறந்துபோகிறது என்று போன மாதம்தான் எழுதியிருந்தாய். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது என் கை விழுந்த சேதி உனக்கு வசதியாகிவிடக் கூடாது.

நீ கட்டையை அழுத்துகிறாய். சத்தம் பிறந்த பிறகும் அழுத்துகிறாய். அந்த அழுத்தம் கேட்பவர் காதுக்குப் போகாது, உன் தோளுக்குத்தான் போகும். சின்ன வயதில் சேலம் பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் முன்கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வருவாய், ஊர் வந்து இறங்கியதும் கை வலிக்கிறது என்று அழுவாய், பஸ்ஸை நீதான் தூக்கி வந்ததுபோல. அதேதான் இதுவும். கையை விழவிடு, சத்தம் வந்ததும் இறுக்கத்தை விட்டுவிடு. வேலை இல்லாத நேரத்தில் கட்டைவிரல் விறைத்திருக்கிறதா என்று கவனி. மறதி விரலில் இல்லை கண்ணு, அடுத்து வருவதை முன்கூட்டிக் கேட்காத மனதில் இருக்கிறது. பியானோவை மூடிவிட்டு, மடியில் கை வைத்து உட்கார்ந்து, முதலிலிருந்து கடைசிவரை மனதுக்குள் மெதுவாகக் கேள். எங்கே உன் மூச்சு நிற்கிறதோ அங்கேதான் உனக்குப் பாடம் தெரியவில்லை. அந்த இடம் கேள்வி கேட்கிறதா, கெஞ்சுகிறதா, கோபப்படுகிறதா என்று தெரிந்துகொண்டு பிறகு கையை இறக்கு. ஓங்கி வாசித்தால் உணர்ச்சி வந்துவிடாது.

இவ்வளவும் செய்து, அப்போதும் உண்மையாகவே வலித்தால் வாசிக்காதே. டாக்டரிடம் காட்டிவிட்டு வீட்டுக்கு வா. ஏன் என்று ஒரு சொல் கேட்க மாட்டேன், ஊரார் கேட்டால் அதற்கும் நான் இருக்கிறேன். ஆனால் உன் கைக்காக வா. என் கைக்காக வராதே.

இங்கே பனி இன்னும் குறையவில்லை. ஈரம் ஏறாமலிருக்க பியானோவுக்குள் பல்பு எரியவிட்டிருக்கிறேன், அப்பா இருந்தபோது செய்ததுபோல. காப்பி பறிப்பு முடியப்போகிறது. நீ படிக்கிற ஊரிலும் குளிர்தானே, கையுறை இல்லாமல் வெளியே போகாதே, வாசிக்க உட்காரும் முன் வெந்நீரில் கையை நனைத்துக்கொள், வெறும் வயிற்றோடு பழகாதே.

உன் இரண்டு கைகளும் உன் மனசும் ஒன்றாயிருக்க ஆண்டவர் அருள் செய்யட்டும்.

வாசிக்கிறாயா, வருகிறாயா என்பதைத் தந்தியில் சொல்லாதே, டைப்பும் அடிக்காதே, பேனாவால் எழுது. போன கடிதத்தில் நீ பேனாவை அழுத்திய அழுத்தத்தில் உன் எழுத்து தாளின் மறுபக்கம் புடைத்து நின்றது, விரலால் தடவிப் பார்த்தேன். இந்தத் தடவையும் தடவிப் பார்ப்பேன். பதில் எழுது.

உன் அம்மா,
அற்புதம்