அம்மாவின் இடுப்பில் ஒரு வாசல் மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். உடம்புக்குத்தான் குறையில்லை, மனசு கொதிக்கிறது, அதைக் கொட்டத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் நீ சரிப்பா சரிப்பா என்று சொல்லிக்கொண்டே அந்தப் பக்கம் கம்ப்யூட்டரைத் தட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. கடிதம் என்றால் கடைசி வரை படித்துத்தானே ஆகவேண்டும்.

உன் பெரியம்மா வந்து பெல் அடித்து, கதவையும் தட்டித் தட்டிப் பார்த்து, அம்மா காதில் எதுவும் விழாமல் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனது உனக்குத் தெரியும். அன்றிலிருந்து அம்மா ஒரு நாற்காலியை இழுத்து வாசல் ஜன்னலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துவிட்டாள். நான் நம் ரப்பர் ஸ்டாம்ப் கடைக்குக் கிளம்பும்போதும் அங்கேதான், திரும்பும்போதும் அங்கேதான். அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு ஓடி வந்து உட்காருகிறாள், அது தீய்ந்து போகிறது. மாடியில் அவள் ஆசையாக வைத்த செடியெல்லாம் கருகிவிட்டது. காது மெஷினைப் போட்டால் வெறும் இரைச்சல்தான் என்று அதை டப்பாவில் போட்டு மூடியாயிற்று. கடையில் வாங்கிய அதிரும் மணியோ எதிர்வீட்டு பெல்லுக்கும் சேர்த்து அதிர்ந்தது, எதிர்வீட்டுத் தையல்காரரைத் தேடி வருகிறவர்களுக்கெல்லாம் இவள் ஓடிப்போய் நம் வீட்டுக் கதவைத் திறந்தாள். அப்புறம்தான் நானே செய்கிறேன் என்று இறங்கினேன். வாசலில் பொத்தானை அழுத்தினால் அவள் இடுப்பில் மாட்டிய சின்னப் பெட்டி அதிர வேண்டும், அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்து வீட்டுக்குள் நடமாட வேண்டும், அவ்வளவுதான் நான் கேட்டது.

அதற்குத்தான் சர்க்யூட் போர்டு வரைய நீ சொன்ன மென்பொருளை இறக்கினேன். இலவசம் என்றாய், என் உயிரையல்லவா விலையாகக் கேட்கிறது! சர்க்யூட் வரைகிற வரை ஒன்றும் தெரியவில்லை, அதை போர்டுக்கு மாற்றியதும் ஒரு பாகத்தின் கம்பிக் காலிலிருந்து இன்னொன்றின் காலுக்கு மெல்லிய கோடுகள், சிக்குப் பிடித்த நூல் மாதிரி. ஒன்றுக்கு மின்சாரம் போகத் தடம் போட்டால் இன்னொன்று குறுக்கே நிற்கிறது, அதைச் சுற்றிக் கொண்டுபோனால் மூன்றாவது மாட்டிக்கொள்கிறது. சரிபார்க்கச் சொன்னால் இடைவெளி போதவில்லை, இடைவெளி போதவில்லை என்று ஒரே பாட்டு. ஒருவழியாக முடிகிற சமயத்தில் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிட்டது, நான் சேமித்தும் வைக்கவில்லை. நான் போட்ட கூச்சலில் தெருவே திரும்பிப் பார்த்தது, அம்மா ஒருத்திதான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

இதைச் சொன்னதும் நீ பெரிய மனசு பண்ணி, விடுப்பா, நானே பத்து நிமிஷத்துல போட்டுத் தரேன் என்றாய். போட்டும் தந்தாய். போர்டு செய்து தருகிற கம்பெனிக்கு அனுப்பினேன், போர்டு வந்தது, அழகில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் நீ போடச் சொன்ன பாகங்கள் இருக்கிறதே, எள்ளுகூடப் பெரிசு! இடுக்கியில் எடுத்து வைத்துக் குனிகிறேன், ஒரு தும்மல் வந்தது, பாதிப் பாகங்களைக் காணோம். அப்பாவுக்கு என்ன வயசு, கை எப்படி நடுங்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்தாயா? கெட்டிக்காரிதான் நீ, யாருக்குச் செய்கிறோம் என்று பார்க்க வேண்டாமா?

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. பெரிய பாகங்களாகப் பார்த்து வைத்து என் படத்தையே மறுபடி முதலிலிருந்து போட்டு முடித்தேன். முடித்தவன் சும்மா இருந்திருக்கலாம். ஆயுசு முழுக்க எழுத்தைத் திருப்பிப் போட்டே பழகிய கை, ஸ்டாம்பில் திருப்பிப் போட்டால்தானே காகிதத்தில் நேராக விழும். போர்டும் அப்படித்தான் என்று நினைத்து, மொத்தப் படத்தையும் கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடவலம் மாற்றி அனுப்பித் தொலைத்தேன். கம்பெனிக்காரர்கள் நான் அனுப்பியதை அப்படியே செய்து கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் இடவலம் மாறிக் கிடக்கிறது, எட்டுக் கால் சிப்பின் முதல் கால் போகவேண்டிய இடத்தில் எட்டாம் கால் நிற்கிறது. தலையில் அடித்துக்கொண்டு உதிரிபாகக் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்கார அம்மா கொல்லென்று சிரித்து, சார், இதையும் ஸ்டாம்பா ஆக்கிட்டீங்களே என்றாள். அப்புறம், தூக்கிப் போட்டுடாதீங்க, எல்லாத்தையும் பின்பக்கமா சொருகி ஈயம் வச்சுப் பத்த வைங்க, சரியாப் போயிடும் என்றாள். மானம் போனாலும் போர்டு பிழைத்தது.

பத்த வைத்து, பெட்டியில் போட்டு, அம்மா இடுப்பில் மாட்டிவிட்டு வெளியே போய் அழுத்தினேன். ஐயையோ, கூசுதுங்க என்று துள்ளினாள். மாடியில் நிற்கச் சொல்லி அழுத்தினேன், அங்கேயும் வேலை செய்தது. எதிர்வீட்டு பெல்லுக்கு அசையவே இல்லை. மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், பெட்டி இடுப்பில் இருக்கிறது, அவள் அதே நாற்காலியில் இருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! எதிரே போய் நின்று, யார் வந்தாலும்தான் அதிருமே, இன்னும் எதுக்கு இங்கயே உக்காந்திருக்கே என்று கையை ஆட்டி ஆட்டிக் கத்தினேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மத்தவங்க வந்தா அதிரும், நம்ம பொண்ணு என்னைக்குங்க பெல் அடிச்சிருக்கா, ஜன்னல்ல கையை விட்டுத் தாழ்ப்பாளைத் தானே நீக்கிட்டு உள்ள வந்து நிப்பா, நான் எங்கயாவது உள்ள இருந்தா எனக்கு எப்படித் தெரியும் என்றாள்.

பெரியம்மாவின் கோபத்துக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றே நான் நினைத்துவிட்டேன். இத்தனை மாதமும் அந்த ஜன்னலில் உன் கை வருகிறதா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீயானால் இந்த வேலை முடியட்டும்ப்பா, அடுத்த வேலை முடியட்டும்ப்பா என்கிறாய். இதற்கு நான் எந்த மென்பொருளில் படம் போடுவது, நீ படித்தவள், நீயே சொல்.

எடுத்த காரியமெல்லாம் கைகூடி, நோய்நொடி இல்லாமல் நீ நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, திருத்திய ஃபைல் எதையும் இனிமேல் அனுப்பாதே. என்றைக்கு வருகிறாய், அந்தத் தேதியை அனுப்பு.

கோபம் இன்னும் ஆறாத,
உன் அப்பா