முகப்பில் கட்டிய மாலை

அன்பு மகனுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். ஒரு வரி எழுதுவதற்குள் தேநீர் ஆறிவிடுகிறது.

உன் தங்கை ஜெனனியின் கலியாணத்தன்று, உன் பழைய அமெரிக்கக் கார் ஒரேத்தோ வீதியின் நடுவில் கொதித்து நின்றது. அவள் பட்டுச்சேலையோடு நடந்தாள். நீயோ மாப்பிள்ளை வீட்டார் முன்னால், "அப்பா கைவைச்சுத்தான் பழுதாப்போச்சு" என்று கத்தினாய்.

நான் ரேடியேட்டருக்குத் தண்ணீர்தான் விட்டேன். காற்றே போகாமல் அடைத்தது முகப்பில் நீ கட்டிய பூமாலை. "கழட்டடா" என்றேன். "சும்மா இருங்கோப்பா, வடிவாயிருக்கு" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை அதே காரில் வேறு யாரோ வீட்டு மணப்பெண்ணை ஏற்றுகிறாயாம். மாலையைக் கூரையில் கட்டு.

நீ போனை எடுப்பதில்லை என்றுதான் இந்த வயதில் எழுதப் பழகினேன். இதில் நீ குறுக்கே கத்த முடியாது. என்ன சுகம்!

கோபம் தீரவில்லை. அடுத்த கிழமையும் எழுதுவேன். அதற்குமுன் வந்தால் நேரிலேயே திட்டுவேன். வா.

உன் அப்பா