பட்டியலில் உன் பெயர் இல்லையே, அண்ணா

மலாயாவுக்குக் கப்பல் ஏறிப் போய்த் திரும்பாத என் நரசிம்மண்ணாவுக்கு,

நீ வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் காய்ச்சலில் போய்விட்டாய் என்றுதான் நம்பியிருந்தோம். அம்மா இன்னும் அப்படித்தான் நம்புகிறாள். போன திங்கட்கிழமை வரை நானும் நம்பினேன்.

சண்டை முடிந்த பிறகு, சிங்கப்பூரில் ஜப்பான் அதிகாரிகள் மேல் போர்க்குற்ற வழக்கு நடக்கிறது. சயாமில் ரயில் பாதை போட நம் ஜனங்களைக் கொண்டுபோய்ச் சாகவிட்டதற்காக. ஊர் திரும்பிய கூலிகளிடம் வாக்குமூலம் வாங்க பெங்களூர் ராணுவத் தண்டிலிருந்து ஒரு கேப்டன் மைசூருக்கு வந்தார். இங்கே கோர்ட்டில் மொழிபெயர்ப்பவன் நான்தானே, என்னைக் கூப்பிட்டார்கள். சாட்சி நேரில் போக வேண்டாம், சத்தியம் செய்த காகிதம் போதுமாம். அந்தச் சாட்சியை யாரும் குறுக்கு விசாரணை செய்யப் போவதில்லை. இப்படியும் ஒரு கோர்ட்டா என்று நினைத்துக்கொண்டேன்.

சாட்சி, ஹனூர்ப் பக்கத்து மாதப்பன். காலில் ஆறாத புண்ணோடு பெஞ்சியில் உட்கார்ந்து சொன்னார்.

"எங்க தோட்டத்துல மைசூர்க் கிராணி ஒருத்தரு இருந்தாருங்க, நரசிம்மய்யங்காருன்னு. ஒவ்வொருத்தன் பேரு, அப்பன் பேரு, ஊரு, வயசு எல்லாம் அத்தன சுத்தமா எழுதி வெச்சிருப்பாரு. ஜப்பான்காரன் ஆளு கேட்டப்போ மத்த தோட்டத்துல ஏடு சரியில்லீங்க, பாதிப்பேரு காட்டுக்குள்ள ஓடிட்டாங்க. எங்களுக்கு ஒளிய வழியில்லாமப் போச்சு. பெரட்டுல நின்னு அவரே பேரு வாசிச்சாருங்க. மூணு மாசத்துல வந்தரலாம்னு சொன்னாரு."

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர், பெரட்டு என்றால் காலையில் ஆள் எடுக்கும் வரிசை. நீதான் எனக்கு ஒரு கடிதத்தில் விளக்கியிருந்தாய்.

அவர் சொன்னது உன்னைத்தான். உன் கையெழுத்தைக் காட்டிக் காட்டித்தானே அப்பா என் முதுகில் நாலு வைப்பார்? அந்தக் கையெழுத்தா ஆட்களைப் பிடித்துக் கொடுத்தது? உலகத்தில் எத்தனையோ கிராணிகள் அரைகுறையாக எழுதிக் காலத்தை ஓட்டுகிறார்கள். நீயும் கொஞ்சம் சோம்பேறியாக இருந்திருக்கக் கூடாதா, அண்ணா?

"உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவர்களுக்கு என்ன ஆகும்?" என்று கேப்டனிடம் மெல்லக் கேட்டேன்.

"அங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். அது சாக்காகாது" என்றார். கிராணியைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. அவருக்கு வேண்டியது ஜப்பான்காரர்கள்.

வாக்குமூலத்தை இங்கிலீஷில் தட்டச்சு செய்து, அதைச் சாட்சியின் பாஷையில் திரும்ப வாசித்துக் காட்டித்தான் கைநாட்டு வாங்க வேண்டும். பதினைந்து வருஷத்தில் நான் ஒரு சொல்லை விட்டதில்லை. அன்று உன்னைப் பற்றிய பகுதி முழுவதையும் விட்டேன். வாசிக்கும்போதும் தாண்டிப் போனேன். ஆமாம், நான்தான் செய்தேன்.

மாதப்பன் மை தடவிய கட்டைவிரலைக் காகிதத்தில் வைக்காமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"சாமி, கிராணி பேரு வாசிச்சது வரலீங்களே."

"அது வழக்குக்கு வேண்டியதில்லைப்பா."

"இருக்கட்டுங்க. எந்தம்பி அந்தப் பட்டியல்ல போனவனுங்க. அதையும் எழுதோணும். இன்னொண்ணும் சொல்ல மறந்துட்டேன். கூட்ஸ் வண்டி கெளம்பறப்போ அவரும் எங்க பொட்டியில ஏறிட்டாருங்க. பட்டியல்ல அவரு பேரு இல்ல. யாரும் கூப்பிடவும் இல்ல. ஏன் ஏறுனாருன்னு இன்னிக்கும் எங்களுக்குத் தெரியாதுங்க. காலராவுல எந்தம்பி கெடந்தப்போ பக்கத்துல இருந்து தண்ணி குடுத்தாரு. நாலு நாள் கழிச்சு அவரும் போயிட்டாரு."

நான் உன் தம்பி என்று அவரிடம் சொல்லவில்லை. புதுக் காகிதம் செருகி, எல்லாவற்றையும் முதலிலிருந்து அடித்தேன். நீ பேர் வாசித்ததும் இருக்கிறது, வண்டியில் ஏறியதும் இருக்கிறது. இந்த முறை முழுவதும் வாசித்தேன். அவர் கைநாட்டு வைத்தார். நான் கீழே மொழிபெயர்ப்பாளன் என்று கையெழுத்துப் போட்டேன். அது உன்னுடையதைப் போலவே இருந்தது, பார்க்கப் பிடிக்கவில்லை.

சிங்கப்பூரில் உன்னை யாரும் விசாரிக்கப் போவதில்லை, அதனால் நான் கேட்கிறேன். ஏன் ஏறினாய்? பேர் வாசித்த வாய் உறுத்தியதா? மூன்று மாதம் என்று நீயும் நம்பினாயா? இல்லை, வழியில் தலை குறையாமல் சரிபார்க்கத்தான் போனாயா? உன்னை எனக்குத் தெரியும், அதையும் செய்யக்கூடியவன்தான் நீ. எதை நம்புவது என்று எனக்குத் தெரியவில்லை.

இதைப் பத்திரிகைக்கும் அனுப்புகிறேன். உன் பட்டியலில் போனவர்களின் வீட்டில் யாராவது வாசித்துச் சொல்லட்டும். அம்மாவிடம் அதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஹனூருக்கு பஸ் ஏறுகிறேன். மாதப்பனின் தாயார் இருக்கிறாளாம். பேர் வாசித்தவனின் தம்பி நான் என்று அவளிடம் சொல்வேன். கதவைச் சாத்தினால் வாசலிலேயே நிற்பேன். நீ தண்ணீர் கொடுத்ததை மட்டும் நான் சொல்ல மாட்டேன், அண்ணா. சொல்வதென்றால் அதை மாதப்பன் சொல்லட்டும்.

உன் கூடப் பிறந்த தம்பி,
சம்பத்