மைத்துனன் சிரித்த சீரியல்

ஆடி 12, திங்கள்

மத்தியானம் நானும் மரகதமும் யூடியூபில் அந்தப் பழைய சீரியலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். செல்லூரிலிருந்து அவள் தம்பி வந்தான். என் கண் கலங்கியிருந்ததைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன மச்சான், ரிட்டயர் ஆனதும் பொம்பளைக சீரியலா?"

மரகதம் கூச்சப்பட்டு டிவியை அணைக்க எழுந்தாள். ரிமோட்டை நான் கொடுக்கவில்லை.

"நான் பஸ் ஓட்டுன வருஷமெல்லாம் உங்க அக்கா இதத் தனியாத்தான் பாத்தா, மாப்ள. ராத்திரி கதை சொல்ல வந்தா நான் காதுகொடுக்கல. இப்பப் பாக்குறேன். நீயும் உக்காரு."

காபிகூடக் குடிக்காமல் போய்விட்டான். சொந்தக்காரர்களிடமெல்லாம் சொல்வான். சொல்லட்டும்.

மரகதம்தான் ராத்திரிவரை அடுப்படியைவிட்டு வரவில்லை. தம்பி போனதில் வருத்தமோ என்னவோ. இப்போது படுக்கப் போகும்போது சொன்னாள்: "நாளைக்கு எபிசோடுல இன்னும் அழுவீக."

அழுதுவிட்டுப் போகிறேன்.