தெற்கு வரம்பில் படுத்த அம்மைக்கு

என் பொன்னு அம்மைக்கு,

கடிதத்தைக் கண்டதும் வீடு இடிந்துவிட்டதோ என்று பதறாதே. வீடு நிற்கிறது. வடக்கு அறையில், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்துதான் எழுதுகிறேன். மூச்சிழுப்பு இன்றைக்குக் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. நிற்காமல் போனது நீதான், அம்மா. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இதை நாலு பேர் படிக்கப் போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையும் இடையிடையே சொல்ல வேண்டியிருக்கிறது. சொன்னதையே சொல்கிறாள் என்று திட்டாதே. அந்தக் குணம் உன்னிடமிருந்து வந்ததுதான்.

கேரள எல்லைக்குள் இருக்கிற பாறசாலையிலிருந்து தனுவச்சபுரம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் நம் வீடு. மண்சுவர், ஓட்டுக்கூரை. தெற்கே நெல்வயலாக இருந்தது. நான் பெரியவளான பிறகு அந்த வயல் ஒவ்வொன்றாகச் செங்கல் சூளைக்குப் போனது. மேல்மண்ணை எடுத்தார்கள், அதற்குக் கீழே இருந்த களிமண்ணை எடுத்தார்கள். தோண்டிய இடமெல்லாம் குளம்போலத் தண்ணீர் தேங்கியது. சூளை மூட்டிய நாட்களில் புகை நேராக நம் அடுக்களைக்கு வரும். எனக்குச் சின்ன வயதிலேயே இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் போயிருந்தது. மூச்சையும் சேர்த்து வாங்கிக்கொண்டது அந்தப் புகை.

நம் பக்கத்தில் இறந்தவர்களைச் சொந்த மண்ணில், வீட்டுக்குத் தெற்கேதான் வைப்போம். தலைமாட்டில் ஒரு தென்னம்பிள்ளை நட்டு, சாயங்காலம் விளக்கு வைப்போம். அப்பாவை வீட்டை ஒட்டித்தான் வைத்திருந்தோம். உன் வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னதற்குப் பிறகு நீ மட்டும் வேறு கணக்குப் போட்டாய்.

"என்னெ வீட்டுப் பக்கத்துல வெய்க்கண்டாம். தெக்கு வரம்பு ஓரத்துல வெய்யுங்க" என்றாய்.

தம்பி மணியன் உன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தான். "அது என்னத்துக்கு அம்மா, அங்ஙன போயி?"

"எலே, அவனுவ எம்பிட்டு துட்டுக்காரனா இருந்தாலும் மரிச்சவங்க கெடக்க எடத்துல மம்பட்டி வெய்க்க மாட்டானுவ. நான் அங்ஙன கெடந்தா இவளுக்கு ஒரு மதில் ஆக்கும்."

நான் அடுக்களை வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மகளுக்கு மதில் கட்டக் காசில்லாத ஒருத்தி, தன் உடம்பை வைத்துக் கட்டப் பார்க்கிறாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. சாகிற நேரத்திலும் என்னை ஒரு வேலையாக வைத்துக்கொண்டிருந்தாய்.

நீ நினைத்தபடியே நடந்தது. உன் அடக்கத்துக்குச் சூளை முதலாளி வந்தார். செருப்பை வரப்பிலேயே கழற்றிவிட்டு வந்து ஒரு பிடி மண் போட்டார். மறுநாள் தன் ஆட்களிடம், "அந்த அம்மை கெடக்க பக்கம் ஒருத்தனும் போவப்பிடாது" என்று சொன்னதைப் பக்கத்து வீட்டுத் தங்கம்மை கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். அன்றைக்கு எனக்கு உன்மேல் எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? செத்தும் ஜெயித்துவிட்டாள் பார் என்று தங்கம்மையிடம் சொல்லிச் சிரித்தேன்.

அவர் சொன்ன சொல் மாறவில்லை, அம்மா. அதுதான் நம்மைக் கெடுத்தது. உன் பக்கம் வராமல், உனக்கு இடதும் வலதும் இருந்த வயல்களை வாங்கித் தோண்டினார். அகலமாகப் போக முடியாததற்கு ஆழமாகப் போனார். மூன்று பக்கமும் பள்ளம், நடுவில் நாக்கு நீட்டியதுபோல நீ மட்டும். அப்படித் தனியாக நிற்கிற மண் எத்தனை மழைக்குத் தாங்கும்? உனக்கு அது தோன்றவில்லை. எங்களுக்கும் தோன்றவில்லை. மனுஷனுக்கு இருக்கிற மரியாதை தண்ணீருக்கும் இருக்கும் என்று நம்பிவிட்டோம்.

முதலில் போனது கக்கூஸ். நான் தவழ்ந்து போக வசதியாக அடுக்களையிலிருந்து நீ சிமெண்டு பூசிய பாதை உண்டே, அதன் முனை இப்போது பள்ளத்துக்கு மேலே சும்மா நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்கப்புறம் எனக்கு வாளிதான். தங்கம்மை காலையில் வந்து எடுத்துப் போய்க் கொட்டுகிறாள். ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவள் சுளித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அவளுக்கு வேலை வைக்கக் கூடாது என்று சாயங்காலத்துக்குப் பிறகு தண்ணீர் குடிக்கிறதையே விட்டுவிட்டேன். டாக்டரம்மா இழுப்புக்கு நிறையத் தண்ணீர் குடி என்கிறார். அவரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது?

அடுத்தது சுவர். தெற்கு அறையில் மூலையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பியது. முதலில் விரல் நுனி போகும், பிறகு கையே போனது. வெளியே உன் தலைமாட்டுத் தென்னை ஆடுவது அதன் வழியாகத் தெரிந்தது. என்னிடம் டியூஷனுக்கு வருகிற பிள்ளைகளின் தாய்மார் அதைப் பார்த்துவிட்டார்கள். யாரும் சண்டை போடவில்லை. பரீட்சை கழியட்டும் என்றார்கள். பரீட்சை கழிந்தும் ஒரு பிள்ளையும் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என் பிள்ளையாக இருந்தால் நானும் அனுப்பியிருக்க மாட்டேன்.

பஞ்சாயத்தில் வீட்டுக்கு உதவி உண்டு என்று கேட்டு மணியன் அலைந்தான். ஒரு நாள் மெம்பரும் அளவு பார்க்கிறவரும் வந்தார்கள். விரிசலைப் பார்த்தார்கள், பள்ளத்தைப் பார்த்தார்கள், என் காலையும் பார்த்தார்கள். மெம்பர் நல்ல மனுஷன். குனிந்து என் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொன்னார்.

"சேச்சி, இந்த மண்ணுல வீடு வெய்க்க அனுமதி தரப் பற்றாது. எப்ப வேணும்னாலும் இடியும். வேற பூமி உண்டுமா?"

"வேற பூமி உண்டுமானா நான் எதுக்கு சாரே இங்ஙன இருக்கேன்?"

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். இங்கே இருக்கக் கூடாது என்பதில் அவருக்கும் எனக்கும் ஒரு சண்டையும் இல்லை. போவதற்கு இடம்தான் இல்லை. சாயா வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆடி அமாவாசை நாளான கர்க்கடக வாவுக்கு மணியன் உனக்குப் பலி போட வந்தான். வாழையிலையை விரித்துப் பிண்டம் வைத்தவன் கால் வைக்க இடம் தேடினான். உன் கால்மாட்டில் மண் இல்லை. ஈரவேட்டியோடு நேராகச் சூளைக்குப் போய்விட்டான். இந்த இடத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், அக்காளுக்கு ரோட்டோரம் ஒரு சின்ன வீடு வாங்கிக் கொடுத்தால் போதும் என்று கேட்டிருக்கிறான். உன் எலும்பை எடுத்துக் கடலில் கரைக்கிறதாகவும் சொல்லியிருக்கிறான். என்னிடம் கேட்காமல் சொன்னான். கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன், அம்மா. மன்னிக்க வேண்டாம். உண்மையைச் சொன்னேன்.

திரும்பி வந்து படியில் உட்கார்ந்தான். முதலாளி சொன்னதை அப்படியே சொன்னான்.

"மணியா, உன் அம்மை கெடக்க மண்ணுல நான் கை வெய்க்க மாட்டேன். பாவம் ஆக்கும். பின்னெ, இப்ப வெலை குடுத்து வாங்கறதுக்கு அதுல என்ன இருக்கு? ரெண்டு மழை கழிஞ்சா அது தானே இங்ஙன வந்து சேரும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லையாம். மணியன் அதையும் சேர்த்துச் சொன்னான்.

இரண்டு மழை வேண்டியிருக்கவில்லை. ஐப்பசித் துலாமழை உனக்குத் தெரியும், மத்தியானம் கழிந்தால் இடியோடு வரும். நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. யாரோ நெல்மூட்டையை இறக்கி வைத்ததுபோல ஒன்று, அப்புறம் தண்ணீர் அலம்புகிற சத்தம். விரிசல் வழியாகப் பார்த்தேன். தென்னை நின்ற இடத்தில் வானம் தெரிந்தது.

தவழ்ந்து பாதை வரைக்கும் போனேன். மழையில் தங்கம்மை ஓடி வந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். "பிள்ளே, போவாதே! நீ போனா உன்னெ எடுக்க எனக்குப் பெலன் இல்ல!" நான் அம்மா, அம்மா என்று கத்தியிருக்கிறேன். எனக்கு நினைவில்லை, அவள்தான் பிறகு சொன்னாள். விழும்போது உனக்குத் தெரிந்ததா? அந்தத் தண்ணீர் குளிருமா?

யாரும் இறங்கித் தேடவில்லை. தண்ணீர் ஆழம், கரை இன்னும் சரிகிறது. வேனலில் வற்றினால் பார்க்கலாம் என்கிறார்கள். வற்றினால் அவர்கள் பார்க்கப் போவது களிமண்ணைத்தான் என்று எனக்குத் தெரியும். உன்னை எந்தச் சூளையில் அடுக்குவார்கள், எந்த ஊர்ச் சுவரில் வைப்பார்கள் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைக்கிறேன்.

மணியன் கூப்பிடுகிறான். நெய்யாற்றின்கரையில் அவனுக்கு மாடியில் வாடகை வீடு, செங்குத்தான படி. ஓணத்துக்கு என்னைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ஏறி முடித்ததும் சுவரில் சாய்ந்து நின்று மூச்சு வாங்கினான். அவன் மனைவி சோறு போட்டாள், சிரித்தாள். குளியலறை வாசற்படி, நான் தவழ்ந்து ஏற முடியாத உயரம். அங்கே இருந்தால் சுவர் என்மேல் விழாது. ஆனால் அவனும் அவளும் வேலைக்குப் போனால் நான் வாளிக்கும் ஆளில்லாமல் கிடப்பேன். எது மேல் என்று நீ சொல்லேன்.

இந்த நிலைமையில் நம்பிக்கையாக ஒரு வரி எழுதச் சொன்னால் எனக்கு வராது. இனி எனக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அப்பா கிடக்கிற துண்டு மண்ணும் தெற்கு அறையும்தான். அந்த அறையில் ஒன்றும் வைக்கவில்லை, கதவையும் எடுத்துவிட்டோம். வடக்கு வாசலைத் தாழ் போடாமல் படுக்கிறேன். தனியாக இருக்கிற பொம்பளை என்று தங்கம்மை ஏசுகிறாள். எனக்குத் தாழ்ப்பாளை எட்டிப் பிடித்துத் திறக்க நேரம் ஆகும், அம்மா. கள்ளன் வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

நீ படுத்தது என்னைக் காக்கத்தான். அது ஆகவில்லை. அதற்காக உன்மேல் வருத்தமில்லை. ஒரே ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். மண் சரிகிற சத்தம் கேட்டால், உன்னோடு சேர்ந்துவிடலாம் என்று நினைத்துக் கட்டிலில் கிடக்க மாட்டேன். சில நாள் அப்படித் தோன்றுகிறது, மறைக்கவில்லை. ஆனாலும் கீழே இறங்குவேன். வாசலைப் பார்த்துத் தவழுவேன். மூச்சு எதுவரைக்கும் விடுகிறதோ அதுவரைக்கும் தவழுவேன். பாதி வழியில் என்னைக் கண்டெடுத்தால், இவள் வெளியே போய்க்கொண்டிருந்தாள் என்று ஊரார் சொல்லட்டும்.

உன் மூத்தவள்,
நீ மதிலாகப் படுத்த மகள்,
லலிதா